நாற்காலி கக்கிய விஷம்

மாடிப்படி நிறைந்து, தெருமுனை வரை கூட்டம். மேலே ஒரு மகான், யாரோ சூனியம் செய்து ஏவிவிட்ட ஏவல் விஷத்தை மனித உடம்பிலிருந்து இழுத்து எடுக்கிறாராம். பிளாஸ்திரி போல வெள்ளைப் பட்டை ஒன்றை உடம்பில் ஒட்டுவார். கொஞ்ச நேரத்தில் அது கன்னங்கரேலென்று ஆகிவிடும். "பாத்தியா, எவ்வளவு விஷம்!" என்பார். உடனே எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதில் படித்தவர்களும் உண்டு. படிப்பைச் செருப்போடு வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தவர்கள்.

அன்று ஒரு தையற்காரர் வந்திருந்தார். ஊசி குத்திய விரல்; கை முழங்கை வரை வீங்கிச் சிவந்திருந்தது. உடம்பு அனலாகக் கொதிக்க, பல் கிடுகிடுத்தது. மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"சூடு ஏறுதா? ரொம்ப நல்லது! ஏவல் வெளிய ஓட வழி தேடுது. ஆஸ்பத்திரிக்குப் போனா உள்ளயே தங்கிடும். இன்னொரு பட்டை போடுறேன்!" என்றார் மகான்.

அப்போது தையற்காரரின் அக்கா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிப்பவர்.

"ஏவலாவது கீவலாவது! ஊசி வழியா கிருமி போயிருக்கு. அது விஷம் கக்குது. ரத்தத்துல காவலுக்கு வர்ற வெள்ளணு அந்த விஷத்தைக் கண்டுபிடிச்சா சும்மா சாகாது. ஊதி, வெடிச்சு, மத்த அணுவையெல்லாம் கூப்பிட்டுட்டுத்தான் சாகும். அந்தக் களேபரம்தான் இந்த வீக்கமும் காய்ச்சலும். அளவோட நடந்தா காப்பாத்தும், மீறுனா ஆளையே சாய்ச்சிடும். எந்திரிடா தம்பி!"

"அண்ணி, பாதியில போனா இவர் உயிருக்கு யாரு பொறுப்பு?" என்று மனைவி அலறினாள்.

அக்கா புதுப் பட்டை ஒன்றை எடுத்தார். தண்ணீரில் நனைத்தார். மகான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலில் ஒட்டினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டை கறுத்தது.

"நாற்காலிக்கு யாருங்க ஏவல் வெச்சது?"

மகானுக்கு வியர்த்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "உட்கார்ந்தவங்க ஏவல் அதுல இறங்கியிருக்கும்!"

மனைவியின் அழுகை சட்டென்று நின்றது. "அதுல உட்கார்றது நீ ஒருத்தன்தானேய்யா?"

"ஈரம் பட்டா கறுக்குற மருந்தைத் தடவி வெச்சிருக்கான். வேர்வைக்கும் கறுக்கும், தண்ணிக்கும் கறுக்கும்" என்றார் அக்கா.

மனைவி கணவர் கையிலிருந்த பட்டையைப் பிய்த்து மகான் மடியில் எறிந்தாள். இருவரும் தையற்காரரைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். விரல் நுனி போயிற்று. கையும் உயிரும் தப்பின.

கூட்டம் திருந்தியதா? அடுத்த தெருவில் ஒருவர் ஒட்டும் பட்டை பச்சையாக மாறுகிறதாம். அங்கே வரிசை இன்னும் நீளம். அட மகாஜனங்களே! வெள்ளணுவுக்கு மூளை கிடையாது. அதுவே விஷத்தைக் கண்டால் அடையாளம் தெரிந்துகொள்கிறது. மூளை இருக்கிற உங்களுக்கு என்ன கேடு?