போக்கருக்கு எவ்வளவு கைமுதல் வேண்டும்?

கணக்குத் தெரியாதவன் சூதாடினால் காசை மட்டும் இழப்பான். கணக்குப் படித்தவன் ஆடினால், இழந்ததற்கு விளக்கமும் சொல்லுவான். நான் இரண்டாவது வகை.

எண்பதுகளின் கடைசியில் லண்டனில், மோர்டன் பக்கம் குடியிருந்தோம். பெற்றோல் நிலையத்தில் வேலை. மிச்ச நேரத்தில் கணக்காளர் பரீட்சைக்குப் படிப்பு (திரும்பத் திரும்ப அதே பரீட்சைக்கு). ஞாயிறு பின்னேரங்களில், பலசரக்குக் கடை வைத்திருந்த ராசன் அண்ணை வீட்டில் போக்கர். ஆளுக்கு ஐந்து பவுண் போட்டு உட்காருவோம். தேத்தண்ணி வருவதற்குள் என் ஐந்து பவுண் வேறு யாரிடமாவது போய்ச் சேர்ந்துவிடும்.

என் ஆட்டத்தில் குறை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. குறை கைமுதலில்தான் என்று கண்டுபிடித்தேன். சின்னக் கைமுதலோடு போகிறவனை, நல்ல காலம் வருமுன்பே கெட்ட காலம் எழுப்பி அனுப்பிவிடுகிறது. ரயிலில் போகவர மனக்கணக்குப் போட்டு விடையையும் கண்டேன்: உட்காரும் காசைப்போல் நாற்பது மடங்கு. இருநூறு பவுண்.

வீட்டில் இருந்ததும் அவ்வளவுதான். வாஷிங் மெஷின் வாங்க என் மனைவி வசந்தி சேர்த்தது. அவள் குளியல்தொட்டியில் குனிந்து குழந்தையின் உடுப்புகளைத் தோய்த்துக்கொண்டிருக்க, நான் கதவில் சாய்ந்தபடி அவளுக்கு நிகழ்தகவு படிப்பித்தேன். (அந்தக் கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கும்.) தொடர்ந்து நாற்பது ஞாயிறு தோற்றால்தான் காசு முடியும், அப்படித் தோற்க எந்த மடையனாலும் முடியாது என்றேன். அவள் நிமிராமலே சொன்னாள்: "எனக்கு முதுகு நோகுது. கெதியா வெண்டு கொண்டு வாங்கோ."

அந்த ஞாயிறு கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனேன். வாயை மூடிக்கொண்டு ஆடியிருக்கலாம். படித்தவனாயிற்றே! மேசையில் இருந்த எல்லோருக்கும் என் கொள்கையை விளக்கினேன். இருநூறு பவுணையும் எடுத்துக் காட்டினேன், உதாரணத்துக்கு.

ராசன் அண்ணை சீட்டுக் கலைப்பதை நிறுத்தினார். "அப்ப தம்பிக்குப் பயமில்லை. இண்டைக்கு ஆளுக்கு ஐம்பது போட்டு விளையாடுவமே?"

மற்றவர்கள் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார்கள். நாற்பது மடங்கு நாலு மடங்காகிப் போனது எனக்கு உறைக்கவில்லை. என்னை மதித்துத் தொகையைக் கூட்டுகிறார்கள் என்று பெருமையாகக் கூட இருந்தது. தேத்தண்ணி வந்தபோது பஸ்ஸுக்கும் சில்லறை இல்லை. ராசன் அண்ணையே தன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வழியில், பரீட்சைக்குக் கவனமாகப் படிக்கும்படி புத்தி வேறு சொன்னார்.

வசந்தி சத்தம் போடவில்லை. நாற்பது கிழமைக் காசு ஒரு பின்னேரத்தில் எப்படி முடிந்தது என்று மட்டும் கேட்டாள். அவர்கள் தொகையைக் கூட்டிவிட்டார்கள் என்றேன்.

"உங்களிட்டை அவ்வளவு காசிருக்கெண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் விளங்கப்படுத்தினனான்."

மெஷின் வரும்வரை உடுப்புத் தோய்க்கிற வேலை என்னுடையதாயிற்று. போக்கரை நான் விட்டேன். பரீட்சையும் ஒருவழியாக என்னை விட்டது. ஆனால் எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு யாரும் காசைத் தொலைப்பதில்லை, 'விளங்கப்படுத்துவார்கள்'. மருமகன் பங்குச் சந்தையில் கையைச் சுட்டுக்கொண்ட அன்று மகள் தொலைபேசியில் தாயிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"அம்மா, இவரும் விளங்கப்படுத்திப்போட்டார்."