பசிக்காத கம்ப்யூட்டர் எலி

கம்ப்யூட்டருக்குள் இருந்த எலி மறுபடியும் சாப்பிட மறுத்துவிட்டது.

பார்த்திபன் திரையை முறைத்தான். மூட்டுவலி மாத்திரை ஒன்றைக் கணக்கில் கொடுத்தால், எலி இருபத்தாறு நாள் ஒழுங்காகத் தின்கிறது. இருபத்தேழாம் நாள் பட்டினி கிடக்கிறது. மாத்திரையை நிறுத்திப் பார்த்தான். அப்போதும் பட்டினி. வெறும் தண்ணீரைக் கொடுத்தான். அதற்கும் பட்டினிதான்.

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே இருந்தது அந்த மருந்துப் பரிசோதனைக்கூடம். பன்னிரண்டு வருடமாக எலிகளுக்கு மருந்து கொடுத்து, பிழைத்ததா போய்ச் சேர்ந்ததா என்று எழுதிவந்த இடம். இனிமேல் உயிருள்ள எலியே வேண்டாம், பழைய ரெஜிஸ்டர்களைக் கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கொடுத்தால் எந்த மருந்து ஆகும், எது ஆகாது என்று அதுவே சொல்லிவிடும் என்று நிர்வாகத்தை நம்பவைத்தவன் பார்த்திபன். புதன்கிழமை சென்னையிலிருந்து ஷீபா மேடம் சோதிக்க வருகிறார். சரி என்று அவர் சொன்னால் இவன் பிரிவுத் தலைவர். இல்லையென்றால் பிரிவே கிடையாது. காஞ்சிபுரத்தில் மாமனாரின் பட்டுக்கடையில் சேலை மடிக்க வேண்டியதுதான். மாமனார் அந்த நல்ல நாளுக்காக நாலு வருடமாகக் காத்திருக்கிறார்.

எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேதாசலத்தைக் கூப்பிட்டான். ரெஜிஸ்டர் எழுதியவர் அவர்தான்.

"ரெஜிஸ்டர்ல எழுதினதெல்லாம் நெஜந்தானா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? துன்னா துன்னுச்சின்னு எழுதுவேன், துன்னலன்னா துன்னலன்னு எழுதுவேன். பன்னெண்டு வருசத்துல ஒரு பொய்யி கெடையாது."

"இருபத்தேழு நாளைக்கு ஒருதடவை ஒரு எலிகூட சாப்பிடலையே?"

"அது இன்னா விசயம்னா சார்..."

"விஷயத்தைக் கம்ப்யூட்டர் சொல்லும். நீங்க போங்க."

டாக்டர் பட்டம் வாங்கியவன், எலிக்குத் தீனி போடுகிறவரிடம் காரணம் கேட்டால் பட்டத்துக்கு என்ன மரியாதை? எலிக்கூடத்து வாடை ஒத்துக்கொள்ளாது என்று அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவன் அவன். வேதாசலம் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து கைக்கு வந்ததை எழுதியிருக்கிறார் என்று தானே முடிவு கட்டினான். பட்டினி நாட்களை எல்லாம் அழித்தான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, இப்போது ஜூலை நடுவிலிருந்து ஒரு மாதம் எலிகள் கொழுத்தன. எந்த மருந்து கொடுத்தாலும் கொழுத்தன. பன்னிரண்டு வருடமும் இதே கதை. அந்த மாதங்களையும் அழித்தான்.

அதன்பிறகு கம்ப்யூட்டருக்கு என்ன ஆனதோ, தண்ணீர் குடித்தால் எலி செத்துவிடும் என்று அறிவித்தது.

"பேஜாரா போச்சே!" என்று தலையில் கைவைத்தான் பார்த்திபன்.

அழித்த இடங்களில் எல்லாம், சாவு எழுதியிருந்த இடங்களிலும்கூட, தன் கையாலேயே எண்களை நிரப்பினான். எல்லா எலியும், எல்லா நாளும், சரியாக இருபது கிராம் தின்றன. வியாதி இல்லை, வெக்கை இல்லை. அப்படி ஓர் ஒழுக்கமான எலியை உலகம் கண்டதில்லை. பார்த்திபன் பிரிவுத் தலைவர் நாற்காலிக்கு என்ன நிறம் பொருத்தம் என்று யோசிக்க ஆரம்பித்தான்.

புதன்கிழமை ஷீபா மேடம் வந்தார். காபியைக்கூடத் தொடாமல், முதல் சோதனையாக எலி பாஷாணத்தைக் கணக்கில் கொடுத்தார்.

எலி அதைத் தின்றுவிட்டு இரண்டு கிராம் எடை கூடியது.

மேடம் அளவை இரட்டிப்பாக்கினார். எலி இன்னும் நாலு கிராம் தேறியது.

"மிஸ்டர் பார்த்திபன், இந்த எலி சாகணும்னா நான் என்ன பண்ணணும்?"

பார்த்திபனுக்குப் பட்டுக்கடையின் கல்லாவில் மாமனார் சிரிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; அவனும் கோணலைத் தேடிப் பிடித்தான்.

"தப்பு என்மேல இல்ல மேடம். ரெஜிஸ்டரே பொய். வேதாசலம், உள்ள வாங்க! இவர்தான் எழுதினவர். இருபத்தேழு நாளைக்கு ஒருக்கா அத்தனை எலியும் பட்டினியாம். ஜூலை, ஆகஸ்ட் வந்தா அத்தனையும் குண்டாகுதாம். கம்ப்யூட்டரும் அதை நம்பிடுச்சு. நான்தான் உக்காந்து திருத்தினேன். இவரை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன் மேடம்."

"பொய்யி எழுதலீங்க மேடம்," என்றார் வேதாசலம். திட்டு வாங்கியிருக்கிறார், எலியிடம் கடி வாங்கியிருக்கிறார். பொய்யன் என்ற பேர் மட்டும் இதுவரை வாங்கியதில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷீபா மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "காரணமே இல்லாம எலிங்க எப்படிச் சேர்ந்து பட்டினி கிடக்கும்?" என்று கேட்டு, வேலைநீக்கம் எழுதப் பேனாவை எடுத்தார்.

ஆறிப்போன காபியை எடுக்க வந்த துப்புரவுப் பணியாளர் ஜெயம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"இதுல பொய்யி இன்னா கீது சார்? ஆடி மாசம் அம்மன் கோயில் கூழை வேதாசலம் மொதல்ல எலிங்களுக்குத்தான் ஊத்துவாரு, இருவத்தேழு நாளைக்கு ஒருக்கா கிருத்திகை வந்தா இவரும் விரதம், எலியும் விரதம். உங்க கம்ப்யூட்டரு அதைக் கரெக்டா கண்டுபுடிச்சி சொல்லிக்கினே இருந்துச்சே சார்!"