இமையா ஐந்நொடிப் படலம்

வாழ்க, இரும்பையும் இரும்பையும் தீயின் சாட்சியில் மணமுடித்து வைக்கும் திண்தோள் வெல்டர்! வாழ்க, மூன்றாம் மாடி ஒற்றையறைக் கோமான், கிரில் பட்டறைத் தினக்கூலிச் சிங்கம், காலுக்குக் கழல் இல்லாத குறையைக் காதுக்கு முகக்கவசம் மாட்டித் தீர்த்துக்கொண்ட தீரன், வங்கி வாசலில் வெள்ளைச் சாயத்தால் வரைந்த இருபத்து மூன்று வட்டங்களுள் பதினேழாவதில் காலை ஏழு மணிக்கு ஊன்றிய காலைக் கதவு திறக்கும் பத்து மணி வரை பெயர்க்காத பெருமலை! அவன் புகழுக்கு ஏற்ற அடைமொழிகள் இன்னும் பிறக்கவில்லை. இருப்பதை வைத்து ஒப்பேற்றுவோம்.

பாடுமுன் காப்பு வேண்டும். ஆறடி இடைவெளியே, முன்னும் பின்னும் நின்று காக்க! உள்ளங்கையில் சொட்டிச் சில்லென்று மறையும் கிருமிக்கொல்லியே, விரலிடுக்கெல்லாம் புகுந்து காக்க! நெற்றிக்கு நேரே துப்பாக்கி போல் நீண்டு உடற்சூட்டை அளக்கும் கருவியே, குறைத்துக் காட்டிக் காக்க! மூன்று முறை தவறினால் கணக்கையே பூட்டிவிடும் கணினியே, ஊரில் எவரை வேண்டுமானாலும் பூட்டு, எங்கள் தலைவனை மட்டும் விட்டுவிடு.

போர் மூண்ட காரணம் கேளீர். ஆறாண்டுக்கு முன் தன் நாட்டில் தலைக்கு மேலே குண்டு விழத் தொடங்கியபோது, மனைவியையும் ஒரு துணிமூட்டையையும் கைப்பற்றிக்கொண்டு எல்லை கடந்து வந்தவன் நம் வீரன். வந்த நாட்டில் அகதி அட்டை கொடுத்தார்கள். வேலை செய்ய அனுமதி கொடுக்கவில்லை. ஆகவே அனுமதியெல்லாம் கேட்காத பட்டறை ஒன்றில் அவன் சன்னல் கிரில்களைப் பற்றவைத்தான். அப்போதுதான் கண்ணுக்குத் தெரியாத கிருமிச்சேனை உலகின்மேல் படையெடுத்தது. கடைகள் அடைபட்டன, தெருக்கள் வெறிச்சோடின, பட்டறையும் இழுத்து மூடப்பட்டது. “திறந்ததும் சொல்லி அனுப்புறேன்” என்ற முதலாளி நான்கு மாதமாக யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. வேலையிழந்தோர்க்கு அந்நாட்டரசு நிவாரணம் வாரி வழங்கியது. அந்தப் பட்டியலில் அவன் இல்லை, ஏனெனில் அவன் அந்நாட்டான் அல்லன். அவன் பிறந்த நாடும் தன் பங்குக்கு வழங்கியது. அதிலும் அவன் இல்லை, ஏனெனில் அவன் அங்கே இல்லை. இவ்வாறு இரண்டு பட்டியலுக்கும் நடுவே திரிசங்குவாய்த் தொங்கியவனைத் தொண்டு நிறுவனம் ஒன்று எட்டிப் பிடித்துத் தன் பட்டியலில் போட்டுக்கொண்டது. அதன் ஓலை அன்று விடியலில் கைப்பேசியில் வந்து இறங்கியது: “இம்மாத உதவித்தொகை வந்துள்ளது. குடும்பத் தலைவர் நேரில் வந்து கண்ணைக் காட்டிப் பெற்றுக்கொள்ளவும்.”

அந்தப் பணத்தில் வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் இல்லத்தரசிக்கு இழுப்பு நோய். இன்ஹேலர் என்னும் உள்ளங்கையளவுக் கருவியின் தயவில்தான் அவள் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் முதல் அதை அழுத்தினால் வெறுங்காற்றுதான் வந்தது. போதாக்குறைக்கு, அந்தக் காலத்தில் இருமுவதே குற்றம். கீழ்வீட்டுக்காரர் இரண்டே முறைதான் இருமினார். மறுநாளே வெள்ளையுடைப் படையினர் வந்து அவரைக் கொண்டுபோய், அறைக்குச் சீல் வைத்தார்கள். அன்று முதல் இவள் தலையணையில் முகம் புதைத்துத்தான் இருமினாள். மூச்சு முட்டுகிற ஒருத்தி தலையணையில் முகம் புதைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை.

இனி எதிரியைப் பாடுவோம். முன்பெல்லாம் விரலை வைத்தால் பணம் வரும். ஆயிரம் பேர் தொட்ட கண்ணாடியை ஆயிரத்தோராவது ஆளும் தொட்டால் என்னாவது என்று அஞ்சிய மேலிடத்தார், அம்மாதம் முதல் விரலை விலக்கிக் கண்ணை ஏற்றார்கள். பணம் தரும் எந்திரத்தின் தலைமேல் ஏறி அமர்ந்தது ஒரு கறுப்புப் பெட்டி. அதன் வயிற்றில் ஒரு கண்ணாடி வில்லை. எதிரே முகம் தெரிந்ததும் ‘டிக்’ என ஓர் ஓசை. பளீரென ஒரு மின்னல். மின்னல் அடங்கியதும் வில்லையின் நடுவே சிவப்பாய் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எரியும் ஐந்து நொடியும் எதிரில் நிற்பவன் இமைக்கக் கூடாது. இமையாமை தேவர்களுக்கு உரிய இலக்கணம் என்று பழம்புலவர்கள் வகுத்து வைத்திருக்க, தலைமையகம் அதை அகதிகளுக்கும் நீட்டித்தது.

அந்தோ, நம் தலைவனோ இமைப்பதையே தொழிலாகக் கொண்டவன்! பட்டறையில் மூன்று வெல்டர்களுக்கு ஒரே முகக்கேடயம். முறை வராத நாளெல்லாம் அவனுக்கு இமைதான் கேடயம். இருபத்திரண்டு ஆண்டாகப் பளிச்சென்று எது தெரிந்தாலும் படக்கென்று மூடிக்கொள்ளும்படி பழகிய அந்த இமைகள், சன்னலில் வெயில் அடித்தால் துடிக்கும், லாரி விளக்கைக் கண்டால் துடிக்கும். பேட்டையில் அவனுக்குச் ‘சிமிட்டி’ என்றே பெயர். அகதி அட்டைப் புகைப்படத்தில் அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

அவன் மனைவியோ இமைக்கவே தெரியாதவள். வாடகை கேட்டுப் படியேறி வந்த வீட்டுக்காரர், அவள் கண்ணைப் பார்த்ததும், “குழாயில தண்ணி ஒழுங்கா வருதாம்மா?” என்று விசாரித்துவிட்டு இறங்கிப்போன வரலாறு உண்டு. அகதி அட்டைக்குப் பெயர் பதிந்த நாளில், “குடும்பத் தலைவர் யாரு?” என்று எழுத்தர் கேட்டபோது, நம் வீரன் தயங்காமல் மனைவியைத்தான் கைகாட்டினான். எழுத்தர் சிரித்துவிட்டு அவனையே எழுதிக்கொண்டார். நோய்க்கு முந்திய அந்தப் பொற்காலத்தில், தம் இரண்டு விரலால் அவன் இமையைப் பிரித்துப் பிடித்துப் பதினோராம் முயற்சியில் கண்ணையும் பதிந்துகொண்டார்.

பத்தே முக்காலுக்கு வீரன் களம் புகுந்தான். வாயிற்காவலர் நெற்றிச்சூடு பார்த்தார். கையில் கிருமிக்கொல்லி வார்த்தார். கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றச் சொன்னார். கறுப்புப் பெட்டியின் எதிரே, மதயானை முன் நிற்கும் மறவனெனத் தோள் விரித்து, மூச்சடக்கி, உயிரே போனாலும் இமையேன் என்று உள்ளத்துள் வஞ்சினம் கூறி அவன் நின்றான். டிக் என்றது. மின்னியது. மூடாதே என்று அவன் அதட்ட, மூடுவேன் என்று இமை அடம்பிடிக்க, இரண்டும் கட்டிப்புரண்டு சண்டை போட்டதில் ஐந்து நொடியும் அவன் கண் பட்டாம்பூச்சியாய்ப் படபடத்தது. எந்திரத்துள் வாழும் பெண்குரல் அறிவித்தது: “அடையாளம் பொருந்தவில்லை. இன்னும் இரண்டு வாய்ப்புகள் உள்ளன.”

படை தோற்றால் சூழ்ச்சி. பதிவு எழுத்தரின் போர்த்தந்திரம் அவன் நினைவுக்கு வந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கவண்போல் விரித்து, மேலிமையை மேலேயும் கீழிமையைக் கீழேயும் தள்ளிப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனான்.

“ஐயா, ஐயா! கண்ணைத் தொடாதீங்க! போர்டு பாக்கலையா?” என்று இடியென முழங்கினார் காவலர்.

கண், மூக்கு, வாய் மூன்றுக்கும் குறுக்குக்கோடு போட்ட அறிவிப்புப் பலகை சுவரில் இருந்தது. வீரன் அதைப் பார்க்கத் திரும்பினான். அந்த நேரம் பார்த்து டிக் என்றது. எந்திரம் அவன் இடக்காதை ஐந்து நொடி உற்று நோக்கி, அது கண் அன்று எனத் தீர்ப்பளித்தது.

“இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. அதுவும் போச்சுன்னா பூட்டிக்கும். ஹெட் ஆபீஸ்லதான் தொறந்து தரணும்” என்றார் காவலர். கத்தியதற்காக வருந்துபவர் போல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அங்க எப்ப போனா ஆள் இருப்பாங்க?”

“ஹெட் ஆபீஸா? அதுவே பூட்டித்தான் கெடக்கு.”

பின்னாலிருந்து யாரோ, “சீக்கிரம் ஆகட்டும்பா!” என்றார்கள். வீட்டுவேலை போய் இரண்டு மாதமாகச் சும்மா இருந்த பதினெட்டாம் வட்டத்து அக்கா திரும்பி அந்தத் திசையை ஒரு முறை முறைத்தாள். “நீங்க நிதானமா பாருங்கண்ணே. நாங்க எங்கேயும் ஓடிப்போகல” என்றாள்.

வீரனுக்குப் பயமாக இருந்தது. குண்டு விழுந்த காலத்தில் இருந்ததைவிட அதிகப் பயம். அப்போது ஓடுவதற்கு ஓர் எல்லையாவது இருந்தது. வீட்டில் தலையணையில் முகம் புதைத்துக் கிடப்பவளை நினைத்தான். வெறுங்கையோடு போய் நின்றாலும் அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், சொல்ல மூச்சு இருக்காது.

அப்போது, பேரிடரில் பேரறிஞர்க்கு மட்டுமே உதிக்கும் என்று நூல்கள் புகலும் அந்தத் தெளிவு, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்த நம் தலைவனுக்கு உதித்தது. பட்டறையில் அவன் எப்போதாவது இமையோடு மல்லுக்கு நின்றதுண்டா? இல்லையே! தீக்கம்பியை இரும்பில் வைக்கும்போது கண்ணை அவனே மூடிக்கொள்வான். பொறி பறந்து அடங்கியதும் திறப்பான். திறந்தபின், பழுத்துச் சிவந்த ஒட்டு ஆறிக் கறுக்கும் வரை, பிடித்ததா, ஓட்டை விட்டதா என்று வைத்த கண் வாங்காமல் பார்ப்பான். அந்த நேரத்தில் முதலாளி கூப்பிட்டாலும் கேட்காது, காலில் எறும்பு கடித்தாலும் தெரியாது.

வீரன் பெட்டியின் முன் போனான். போனவன், கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“அட, மூடிட்டாரே!” என்று பதினெட்டாம் வட்டம் பதறியது. காவலர் நெஞ்சில் கை வைத்தார். வரிசை முழுவதும் ஆறடிக்கு ஆறடி மூச்சை அடக்கியது. டிக் என்றது. மின்னல் வெட்டி, மூடிய இமைமேல் மோதி, செய்வதறியாது அடங்கியது. வீரன் திறந்தான். எதிரே, இருபத்திரண்டு ஆண்டாக அவனுக்குத் தெரிந்த சிவப்பு. நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தான். ஒன்று, ஓரத்தைப் பார்த்தான். இரண்டு, நடுவைப் பார்த்தான். மூன்று, கண்ணில் நீர் திரண்டது, அது பாட்டுக்குத் திரளட்டும் என்று விட்டான். நான்கு, எரிச்சல் தலைக்கேறியது, பெண்டாட்டி முகம் வந்து போனது, இமை அசையவில்லை. ஐந்து.

“அடையாளம் உறுதி செய்யப்பட்டது. தங்களை வரவேற்கிறோம்” என்றது பெண்குரல். ஆறாண்டில் அந்த நாட்டில் அவனை வரவேற்றது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

நோட்டுகள் வந்தன. இருபத்து மூன்று வட்டங்களும் கைதட்டின. வென்ற வேந்தர் யானைமேல் உலா வருவார்கள்; நம் வேந்தன் மருந்துக்கடைக்கு ஓடினான், இன்ஹேலரை வாங்கினான், சட்டைப்பைக்குள் அதைக் கையால் பொத்திப் பிடித்தபடி மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாய்த் தாவி ஏறினான். கதவைத் திறந்து, மருந்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, அறையதிர வெற்றிமுரசு அறைந்தான்: “அஞ்சு செகண்டு! ஒரு தடவைகூட இமைக்கல! காவக்காரரே மெரண்டுட்டாரு, தெரியுமா?”

அவள் மருந்தை இரண்டு முறை இழுத்தாள். உள்ளேயே நிறுத்தினாள். பிறகு மெதுவாக, முழுசாக, ஒரு விசில்கூட இல்லாமல் மூச்சை வெளியே விட்டாள். இத்தனை அடைமொழியும் ஆர்ப்பாட்டமும் அந்த ஒரு மூச்சுச் சத்தத்துக்காகத்தான். அதைக் கேட்டபோது வீரனுக்குக் கண் மறுபடி கலங்கியது.

அவள் அவனை இமைக்காமல் பார்த்தாள்.

“கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? போன எடத்துல எதையாவது ஒட்டிக்கிட்டு வந்துட்டீங்களா? மொதல்ல போய் சோப்பு போட்டுக் கை கழுவுங்க.”

வெல்டர் போய்க் கை கழுவினார்.