நானூற்றுப் பத்து மீட்டர்

சங்கத்தின் பொன்விழாவுக்கு இன்னும் இருநூற்று இருபது மணி நேரம் இருந்தது. பெவன் ஹார்க்னஸ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எப்படி எண்ணினாலும் ஒன்பது நாளும் நாலு மணி நேரமும்தான் வந்தது.

பிரச்சினை சின்னதுதான். ஸ்கெல்லி பள்ளத்தாக்கு மான் வேட்டைச் சங்கத்துக்கு ஐம்பது வயதாகிறது. அதற்காகத் தூரம் காட்டும் பைனாகுலர் ஒன்று வாங்குவதென்று முடிவாகியிருந்தது. கண்ணில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், எதிரே நிற்கும் கலைமான் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று சிவப்பு எண்ணில் சொல்லிவிடும். எதை வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பெவனிடம் கொடுத்தார்கள். சங்கத்திலேயே தூரம் அறிந்த கண் அவருடையது என்று பேர்.

அதுவரை நல்லதுதான். கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது செயலாளர் ஷோனா ஒரு யோசனை சொன்னாள். விழா அன்று அந்தப் பைனாகுலரால் முதலில் அளக்க வேண்டியது பெவனின் பழைய துப்பாக்கிச் சூட்டின் தூரத்தைத்தானாம். அளந்து வரும் எண்ணைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, அவர் படுத்துச் சுட்ட இடத்திலேயே பதித்துவிடலாமாம். தகடு ஏற்கெனவே தயார். எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது.

எல்லோரும் கைதட்டினார்கள். பெவனும் தட்டினார். உள்ளங்கை ஈரமாக இருந்ததால் சத்தம் வரவில்லை.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், தென்கோளத்தில் குளிர் தொடங்கும் ஓர் ஏப்ரல் மாதம், மான்கள் உறுமும் பருவத்தில், பெவன் ஸ்கெல்லி ஓடைக்கு மேலே ஒரு கலைமானைச் சுட்டார். பதினான்கு கிளைக் கொம்பு. அதன் தலை இன்றும் சங்கக் கூடத்தில் தேநீர் மேசைக்கு மேலே தொங்குகிறது. கீழே ஒரு பலகை: பெவன் ஹார்க்னஸ், 410 மீட்டர்.

ஒவ்வொரு வருடமும் ஆண்டு விருந்தில் அவரைக் கதை சொல்லச் சொல்வார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எழுந்து நிற்பார். விசையை அழுத்தியதும் பள்ளத்தாக்கே இரண்டு தடவை கைதட்டியதைச் சொல்வார். அப்படி ஓர் எதிரொலியை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கலைமான் கடைசி நொடியில் உடம்பைத் திருப்பியதைச் சொல்வார். அவருக்கு வலப்பக்கத்தைக் காட்டி நின்ற மானின் இடப்பக்கத்தில் அல்லவா குண்டு பாய்ந்திருந்தது. வருடத்துக்கு வருடம் அந்த மான் இன்னும் கொஞ்சம் வேகமாகத் திரும்பியது. கடைசியாக, ஓடைக்கு அக்கரையில் காட்டு ஆடு தேடிப் போன மனைவி ரேவின் வெறுங்கையோடு திரும்பி வந்ததைச் சொல்வார். அந்த இடத்தில் கூடம் சிரிக்கும். ரேவினும் சிரிப்பார்.

கதையில் எல்லாம் உண்மை. தூரம் மட்டும் பொய். சுட்டு முடித்து இறங்கி நடந்தபோது பெவன் மீட்டருக்கு ஒன்றாக எண்ணிய காலடிகள் நூற்று நாற்பது.

அந்தப் பொய்யை அவர் சொல்லவும் இல்லை. அன்று வேட்டைக் குடிசையில் நண்பர்கள் சூழ்ந்துகொண்டு எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். அவர் வாய் திறப்பதற்குள், அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த ரேவின், "நானூத்திப் பத்து" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணமாகி ஆறே மாதம். இப்படியும் ஒருத்திக்கு நம் மேல் பிரியமா என்று பெவன் நெகிழ்ந்துபோனார். மறுத்துப் பேச மனம் வரவில்லை. மறுநாள் பலகை எழுதிவிட்டார்கள்.

படுத்துச் சுட்ட இடத்தில் அவரே கற்களைக் குவித்து வைத்தார். மான் விழுந்த இடத்தில் ஓர் இரும்புக் கம்பத்தை நட்டார். கல்லில் பொய் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவில் இன்றுவரை சரியாக நூற்று நாற்பது மீட்டர். சங்கத்தில் மற்றவர்கள் அதைப் புகைப்படத்தில்தான் பார்த்திருந்தார்கள். எல்லோருக்கும் முழங்கால் வலி.

கூட்டத்துக்கு மறுநாள் காலை விரேமுவின் கடை திறக்கும்போதே பெவன் வாசலில் நின்றார். விரேமு அவருடன் பள்ளியில் படித்தவர். ஊரில் துப்பாக்கியும் தூண்டிலும் விற்கும் கடை அது ஒன்றுதான். நாலு பைனாகுலர்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"மூடுபனியில எது சரியா வேலை செய்யாது?" என்று கேட்டார் பெவன்.

"வேலை செய்யாததையா கேக்குற?"

"தெரிஞ்சு வச்சுக்கணும்ல."

மழையில் எது தடுமாறும், புல் குறுக்கே வந்தால் எது ஏமாறும் என்று பெவன் மேலும் கேட்டார். விரேமு நாற்பது வருடமாக வியாபாரம் செய்கிறவர். வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் முகம் மாறாது. மூன்றைத் தள்ளி வைத்துவிட்டு நாலாவதைத் தொட்டார்.

"இது கொஞ்சம் அசடுடா. எதிர்ல நிக்கிறது சின்னதா இருந்தா, அதை விட்டுட்டுப் பின்னாடி இருக்கிற மலையை அளந்து சொல்லும். இதை நான் யாருக்கும் விக்கிறதில்ல. ஜன்னல்ல அழகுக்கு வச்சிருக்கேன்."

பெவனின் மனக்கண்ணில் இரும்புக் கம்பம் தெரிந்தது. கம்பம் சின்னது. கம்பத்துக்குப் பின்னால் பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாறைச் சுவர். கல் குவியலிலிருந்து அந்தச் சுவர் ஏறக்குறைய நானூறு மீட்டர் இருக்கும்.

"இதைக் குடு" என்றார்.

ஒப்புக்கு ஒரு நல்லதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சமையலறை வாசலில் நின்று, வேலிக் கதவருகே மேய்ந்த ஆட்டின் மேல் நல்லதை முதலில் திருப்பினார்.

"எண்பத்தேழு" என்றார் ரேவின், ஜன்னலுக்குள்ளே சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டு.

பெவன் பொத்தானை அழுத்தினார். 87 என்று வந்தது. ரேவின் கல்யாணத்துக்கு முன்பு சாலைத் துறையில் நில அளவைக் குழுவோடு சுற்றியவர். அந்தப் பழக்கம் போகவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார். அவருடைய கவனமெல்லாம் அசட்டுப் பைனாகுலரின் மேல் இருந்தது. அதை எடுத்து அதே ஆட்டைப் பார்த்து அழுத்தினார். 403. பக்கத்துப் பண்ணையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையை அளந்திருந்தது. கூட்டத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பெவன் சிரித்தார்.

அன்றே சங்கத்துக்கு ஒரு பக்கத்தில் பரிந்துரை எழுதினார். மனசாட்சி உறுத்தியதால் தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கையில் கனமில்லை, கழுத்துப்பட்டை உறுதி, பச்சை நிறம் காட்டோடு ஒத்துப்போகிறது என்று மட்டும் எழுதினார்.

அறிவிப்புப் பலகையில் அது ஏறியது. நாலு நாளில் ஏழு பேர் அதே பைனாகுலரை வாங்கிவிட்டார்கள். பெவனே சொன்ன பிறகு வேறென்ன பார்க்க வேண்டும் என்றார்கள். விரேமு போனில் கூப்பிட்டு, ஜன்னல் காலி, மொத்த வியாபாரி உங்கள் ஊரில் ஏதாவது நோயா என்று விசாரிக்கிறான் என்றார்.

ஐந்தாம் நாள் மெர்வின் வந்தார். இருபத்தேழு வருடமாக அந்த நானூற்றுப் பத்தை நம்பாத ஒரே ஆள். விருந்தில் பெவன் எழுந்து நிற்கும்போதெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர். இன்று புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

முந்தின நாள் பன்னிரண்டு கிளைக் கொம்பு ஒன்று அவருக்கு எதிரே வந்து நின்றதாம். அவர் வாங்கிய புதுப் பைனாகுலர் முந்நூற்றுத் தொண்ணூறு என்றது. மெர்வின் அதற்கேற்ப உயர்த்திக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு மானின் முதுகுக்கு மேலே காற்றில் போனது. மான் அவரை ஒருமுறை பார்த்தது. பிறகு தன் வேலையாக மறுபடி உறுமியது.

"எனக்கு அது நூத்தம்பதுல நிக்கிற மாதிரிதான் பட்டுச்சு" என்றார் மெர்வின். "ஆனா நீ தேர்ந்தெடுத்தது பொய் சொல்லுமா. நேரா கண் டாக்டர்கிட்ட போயிட்டேன். இத்தனை வருஷம் உன்னைச் சந்தேகப்பட்டேன் பெவன். கோளாறு என் கண்ணுலதான்."

கையை நீட்டினார். பெவன் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று இரவு மானிறைச்சி அவருக்கு இறங்கவில்லை.

ஷோனா கண் டாக்டரிடம் போகிறவள் அல்ல. பள்ளி மைதானத்தில் அளவு நாடாவைப் பிடித்து அசட்டுப் பைனாகுலரைச் சோதித்தாள். வாங்கிய ஏழு பைனாகுலரையும் மூட்டை கட்டி விரேமுவிடம் திருப்பினாள். கடையிலேயே சிறந்ததைச் சங்கத்துக்கு எடுத்துக்கொண்டாள். பெவனிடம் அதைப் பக்குவமாகத்தான் சொன்னாள். தயாரிப்பில் ஏதோ குறை, உங்கள் மேல் தப்பில்லை, விழாவில் சரியான எண்ணே வரும், கவலைப்படாதீர்கள் என்றாள்.

இன்னும் எழுபத்தாறு மணி நேரம் இருந்தது.

பைனாகுலரை மாற்ற முடியாவிட்டால் மலையை மாற்ற வேண்டியதுதான். ஒப்புக்கு வாங்கி வைத்திருந்த நல்லதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெவன் தனியாக மலையேறினார். கல் குவியலிலிருந்து பின்னோக்கி நடந்து நடந்து அழுத்திப் பார்த்தார். இருநூறைத் தாண்டியதும் ஒரு மேடு கம்பத்தை மறைத்துவிட்டது. முந்நூற்றைம்பது வரை கம்பமே தெரியவில்லை. மறுபடி தெரிந்து, எண் சரியாக நானூற்றுப் பத்தாக வந்த இடம் ஒரு சதுப்பு. அதைவிட்டால் வேறு இடமில்லை.

அறுபத்து மூன்று கற்கள். இரண்டு பகல். ஒவ்வொரு கல்லையும் தூக்கும்போது, அன்று கொஞ்சம் சின்னக் கற்களாகப் பொறுக்கியிருக்கலாம் என்று தோன்றியது.

வீட்டில் ரேவின் அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். சட்டை முழுக்கப் பாறைப் பாசி ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டார். விழாவுக்கு நானும் மலைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். இருபத்தேழு வருடத்தில் அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

விழா அன்று வானம் துடைத்த மாதிரி இருந்தது. முப்பத்தொரு பேர் முழங்காலைச் சபித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். ஷோனா கல் குவியலருகே நின்று, கம்பத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினாள். நம்பாமல் மறுபடியும் அழுத்தினாள்.

"நானூத்திப் பத்து" என்றாள். "ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இல்ல."

மெர்வின் தொப்பியைக் கழற்றினார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஷோனா கீழே பார்த்தாள். பூட்ஸ் கணுக்கால் வரை புதைந்திருந்தது. இந்தச் சேற்றில் எப்படிப் படுத்துச் சுட்டீர்கள் என்று வியந்து கேட்டாள். அதை ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளலாமே என்றார் இன்னொருவர். பெவன் முப்பது பேரையும் பார்த்தார். பிறகு படுத்தார். தண்ணீர் மார்புவரை வந்தது. ஏப்ரல் மாதத்து மலைத்தண்ணீர். வெளிச்சம் சரியில்லை என்று இரண்டாவது படமும் எடுத்தார்கள்.

தகட்டில் எண்ணைப் பொறித்துக் குவியலின் பெரிய கல்லில் பதித்தார்கள். சங்கத்தின் ஆயுள் புரவலர் பெவன்தான் என்று அறிவித்து, பைனாகுலரை அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டார்கள். அதன் கீழே சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கூட்டம் முன்னால் இறங்கிப் போனது. பெவனும் ரேவினும் மெதுவாகப் பின்னால் வந்தார்கள். இரும்புக் கம்பத்தருகே பெவனின் முழங்கால் நின்றுவிட்டது. ரேவின் பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பெவனின் பற்கள் குவளை விளிம்பில் தந்தியடித்தன.

"ரேவின், நான் கல்லை நகத்திட்டேன்."

"தெரியும்."

"அன்னைக்கு நூத்தி நாப்பதுதான். என் காலாலேயே எண்ணினேன். நீ என் மேல இருந்த பிரியத்துல ஒரு நம்பரைச் சொல்லிட்ட. உன்னைப் பொய்யாக்க மனசு வரல. இருபத்தேழு வருஷமா அதைச் சுமந்துக்கிட்டுத் திரியறேன். இனிமே முடியாது. நாளைக்கே ஷோனாகிட்ட சொல்லிடப் போறேன்."

ரேவின் குவளையை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு அவர் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி, ஓடைக்கு அக்கரைப் பக்கம் திருப்பி எதையோ தேடினார். கிடைத்ததும் ஆடாமல் பிடித்து அவர் கண்ணருகே நீட்டினார்.

"அந்தத் தட்டைப் பாறையைப் பாரு. அழுத்து."

பெவன் அழுத்தினார். 410.

பாறை மேல் மூன்று கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. காற்று அடுக்கியதல்ல, கை அடுக்கியது. மூன்றின் மேலும் பல வருடத்துப் பாசி படர்ந்திருந்தது.

"அதை யார் வச்சது?" என்று கேட்டார் பெவன். கேட்கும்போதே, பள்ளத்தாக்கு இரண்டு தடவை கைதட்டிய சத்தம் அவர் காதில் மறுபடி விழுந்தது.

ரேவின் பிளாஸ்க்கை மூடிப் பைக்குள் வைத்தார்.

"அன்னைக்கு எல்லாரும் எவ்வளவு தூரம்னுதான் கேட்டாங்க, பெவன். யார் சுட்டதுன்னு யாரும் கேக்கல."