இமை திறந்த படலம்

வாழி! திருப்புளி ஏந்திய செங்கையாளே, நான்கு திருகாணிகளின் தீராப் பகையே, பதினாறு ஆண்டுகளாகக் கம்பியில்லாத் தொலைபேசிகளின் வயிற்றைத் திறந்து உயிர் பெய்தும் உன் பெயரில் ஓர் உரிமம் இல்லாத அக்காவே, வாழி!

பழுதுபார்க்கும் கடை தம்பி பெயரில் இருந்தது. ஆகவே உரிமமும் தம்பிக்கே. அதில் தனக்குக் கோபமில்லை என்றுதான் அவள் நம்பியிருந்தாள். கோபம் மணிக்கட்டில் குடியிருந்ததை அன்று பிற்பகல்தான் அறிந்தாள்.

கப்பலில் வேலை பார்க்கும் மகள், கரை தொடும் நாளில் மட்டும் நான்கு மணிக்கு அழைப்பாள். தவறவிட்டால் இன்னும் பதினைந்து நாள் கடல். மணியோ மூன்றரை. வீட்டுத் தொலைபேசியின் அடிப்பெட்டி விளக்கணைந்த கோட்டையாய்க் கிடந்தது. உள்ளே ஒரு கம்பி விட்டிருக்கும். ஐந்து நிமிட வேலை. சாப்பிட உட்கார்ந்தவள் தட்டை மூடிவிட்டு எழுந்தாள்.

கோட்டை வாயிலில், முழுக்கைச் சட்டையே கவசமாக, விதிப்புத்தகமே கேடயமாக நின்றார், தொலைபேசித் துறையில் அவ்விதிகளைத் தம் கையாலேயே தட்டச்சு செய்த கணவர். முழங்கினார்:

“பேட்டரிய யாரு வேணா மாத்தலாம். பெட்டியத் திறக்கணும்னா லைசென்ஸ்காரர் பக்கத்துல உக்காந்து கண்ணால பாக்கணும். நம்ம வீடா இருந்தா மட்டும் விதி லீவு போடுமா?”

வந்தான் தம்பி, உரிமக்கோமான். ஈயம் பற்றவைக்கும் கோல் சூடேறுவதற்குள் மூடியிருந்த தட்டைத் திறந்து முழுவதும் உண்டான். அமர்ந்தான். முதல் திருகாணி வீழ்ந்தது. கூடவே அவன் இமைகளும் வீழ்ந்தன.

“நிறுத்து!” என்றார் கணவர்.

அதன்பின் மூண்டது உறக்கத்தோடு பெரும்போர். நீர் தெளித்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு தூங்கினான். மணிக்கட்டின் கோபமெல்லாம் திரட்டிக் கிள்ளினாள், கையை மாற்றி வைத்துக்கொண்டு தூங்கினான். “பாத்துட்டுதான்க்கா இருக்கேன்” என்ற அறைகூவல் மட்டும் குறட்டையின் நடுவே எழுந்தது. அவன் விழித்த கணங்களைத் திருடித்திருடி மூன்றாம் திருகாணிவரை முன்னேறினாள். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

அப்போது கணவரின் பார்வை கடிகாரத்துக்குப் போய் வந்ததைக் கண்டாள். அவரும் பதினைந்து நாளாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அவளிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

புத்தகத்தை மூடினார். மைத்துனனின் பின்னால் சென்று, இரு கட்டைவிரல்களாலும் அவன் இமைகளைத் தூக்கிப் பிடித்தார்.

“கண்ணு திறந்திருக்கணும்னுதான் போட்டிருக்கு. யாரு திறக்கணும்னு போடல. சீக்கிரம்!”

நான்காம் திருகாணி சாய, ஈயம் உருகிப் புகை எழ, கம்பி தன் இடம் சேர, பச்சை விளக்கு வெற்றிக்கொடியாய் ஒளிர, திறந்த விழியோடு உரிமக்கோமான் குறட்டையால் முரசறைய, சரியாக நான்கு மணிக்குச் சங்கென முழங்கிய தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள் அக்கா.

“அம்மா, சாப்டியா?” என்றாள் மகள்.