நித்திரை கொள்ளாத கரடிக்கு வந்த மின்சாரக் கார்

ஒரு காட்டில், அதுவும் கனடாக் காட்டில், வல்லிபுரம் என்றொரு கரடி தன் மனைவி தவமலரோடு வாழ்ந்துவந்தது. விலங்குகள் பேசுமா என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பேசும். அதுவும் யாழ்ப்பாணத் தமிழில்.

வசந்தம் தொடங்கியதும் வல்லிபுரம் ஒரு மின்சாரக் காருக்குப் பதிவு செய்தது. "ஆறிலிருந்து எட்டு வாரம்" என்றார்கள். எந்த வருடத்து வாரம் என்று சொல்லவில்லை. கரடி அன்றைக்கே குகைவாசலில் சார்ஜ் ஏற்றும் பெட்டியைப் பொருத்திவிட்டு, காடு முழுவதும் சொல்லியும்விட்டது. அதற்குப் பிறகு ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போனாலும் யாராவது பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன அண்ணை, கார் வந்திட்டுதோ?"

"வருது, வருது. கப்பலிலை ஏத்தீட்டாங்களாம்."

கோடை முழுவதும் அந்தக் கப்பல் வந்துகொண்டே இருந்தது. வாரம் தவறாமல் கைபேசியில் ஒரு தகவல் மட்டும் வந்தது: "உங்கள் பொறுமைக்கு நன்றி." தன்னிடம் பொறுமை இருப்பதை அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கரடிக்கு ஆச்சரியம்.

ஒக்டோபர் கடைசியில் உண்மையான தகவல் வந்தது. கார் தயார், வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வரவும். வல்லிபுரம் இலைக்குவியலில் குட்டிக்கரணம் போட்டது. தவமலர் கலண்டரைப் பார்த்து முகத்தைச் சுளித்தது.

"இஞ்சாருங்கோ, செவ்வாய்க்கிழமை ஆரும் வாகனம் எடுப்பினமே? அண்டைக்கு அட்டமியும்."

கரடிக்கும் அது சரியென்றே பட்டது. வாகனம் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போய், வியாழக்கிழமை கிடைக்குமா என்று கேட்டது. அங்கே மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய மூஸ் மான் உட்கார்ந்திருந்தது. கொம்புகளில் கோப்புகளைத் தொங்கவிட்டிருந்தது.

"தாராளமா மாத்தலாம் ஐயா," என்றது மூஸ். "ஆனா இனிக் குளிர்காலத்திலைதான். எண்டைக்கு எண்டு சொல்லேலாது. தகவல் வந்து மூண்டு நாளுக்குள்ளை நேரை வந்து எடுக்காட்டி, வரிசையிலை கடைசிக்குப் போயிடுவியள்."

சொல்லிக்கொண்டே செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் கரடியின் பெயரை அடித்தும்விட்டது. கரடி என்றால் நவம்பரில் படுத்து ஏப்ரலில் எழும்ப வேண்டிய சாதி. பக்கத்து வளை நில அணிலுக்கு இதுதான் நடந்தது. தகவல் ஜனவரியில் வந்தது, அது கண் விழித்தது ஏப்ரலில். இப்போது வரிசையில் அதற்கு மூவாயிரத்து ஆறாவது இடம்.

"நான் இந்தமுறை நித்திரை கொள்ளமாட்டன்," என்றது வல்லிபுரம், குகைக்குத் திரும்பியதும்.

அப்போது அங்கே சாப்பிட வந்திருந்த குணசீலன் பெரிதாகக் கொட்டாவி விட்டது. குணசீலன் தவமலரின் தம்பி; அடுத்த குகையில் இருப்பு. "பேசாமப் போய்ப் படும் மச்சான். வாறது வரும்," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தது. மற்றக் கதைகளில் இப்படிப் பேசுகிறவர்கள்தான் கடைசியில் அழுவார்கள். அதனால் நீங்களும் நானும் வல்லிபுரத்தின் பக்கமே நிற்போம்.

தவமலரும் படுத்துவிட்டது. வல்லிபுரம் தனியே கைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண் சொருகினால் பனியில் முகத்தை அமுக்கி எடுத்தது. தின்ன ஒன்றுமில்லை. மரப்பட்டையைச் சுரண்டித் தின்றது. தோல் தொங்கிவிட்டது. பாவம், எனக்கே அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பெப்ரவரியில் தகவல் வந்தது. ஆனால் பனிப்புயல் இரண்டு நாள் வழியை அடைத்துவிட்டது. மூன்றாம் நாள் மதியம்தான் கரடி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மூஸ் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தது. அது ஒக்டோபரில், மீன் தின்று கொழுத்த நேரத்தில் எடுத்த படம்.

"இது நீங்கள் இல்லை," என்றது மூஸ்.

"நான்தான் ஐயா. உங்கடை காருக்காகத்தான் இப்பிடி மெலிஞ்சனான்."

"அப்ப புதுப்படம் எடுக்கவேணும். அதுக்கு ஜூனிலைதான் இடம் இருக்கு. இல்லாட்டி, படத்திலை இருக்கிறவரை அஞ்சு மணிக்குள்ளை கூட்டிக்கொண்டு வாங்கோ."

மூன்று மாதப் பட்டினி ஒரு படத்தில் முட்டி நின்றது. வல்லிபுரம் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதது. அழுதுகொண்டிருக்கும்போதே ஒன்று புரிந்தது. தவமலர் அதற்கு மாமன் மகள். சொந்தத்துக்குள் முடித்த கல்யாணம். குணசீலனுக்கும் தனக்கும் ஒரே முகவெட்டு. அவன் நவம்பரிலிருந்து நிம்மதியாகத் தூங்குவதால் இன்னும் உருண்டையாகவே இருப்பான்.

நாலே முக்காலுக்கு வல்லிபுரம் திரும்பி வந்தது, மச்சானை ஒரு பலகையில் போட்டு இழுத்துக்கொண்டு. மூஸ் படத்தைப் பார்த்தது, குறட்டை விடும் குணசீலனைப் பார்த்தது.

"ஓம், இவர்தான்," என்றது. குணசீலனின் உள்ளங்கையை மையில் தோய்த்துப் படிவத்தில் அழுத்தியது. பிறகு காரின் கமராவை அதன் முகத்துக்கு நேரே பிடித்தது. "இனி இந்த முகத்தைக் காட்டினாத்தான் கதவு திறக்கும், கார் ஓடும். வாழ்த்துக்கள்."

கார் வந்துவிட்டது. வல்லிபுரத்துக்கு உச்சி குளிர்ந்தது. மச்சானைப் பின் இருக்கையில் ஏற்றி, சூடேற்றும் பொத்தானை அழுத்தி, வீடுவரை பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டிப் போனது.

ஏப்ரலில் குணசீலன் கண் விழித்து, காரின் முன்னால் போய் நின்றது. கதவு திறக்கவில்லை. கண்ணை மூடி, வாயைப் பிளந்து, குறட்டையும் விட்ட பிறகுதான் திறந்தது. அதனால் இன்றைக்கும் வல்லிபுரம் எங்கே போனாலும் குணசீலன் பின்னால் இளஞ்சூட்டில் தூங்கியபடியே போகிறது. இறங்கும்போது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, "கொஞ்சம் மெல்லமா ஓட்டும் மச்சான், நித்திரை குழம்புது," என்று சொல்லும்.

நீதி: எப்போதும் விழிப்போடு இருங்கள். தூங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு போக ஆள் வேண்டும்.