கோளாறு வைக்கும் நைனா

எனக்கு வயது எழுபத்திரண்டு. நான்கு பெற்றேன், நாத்தனார் மகளையும் சேர்த்து ஐந்து வளர்த்தேன். அந்த ஐந்தும் சேர்ந்து கொடுக்காத தலைவலியை ஒற்றை ஆளாகக் கொடுத்தவர் கோளாறு நைனா.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. காதில் எப்போதும் ஒரு பெயிண்ட் பிரஷ். துறைமுகத்து ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் படுத்தால் அவரிடம்தான் வரும். மூடியைக் கழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தே ஜாதகம் சொல்வார்.

"இது எண்ணூரு. சாம்ப வாசன. இது ராயபுரம். உப்பு, கூடவே வஞ்சிரம்!"

என் மூன்றாவது மகள் கலா பன்னிரண்டாவது முடித்திருந்தாள். மேலே படிக்கவைக்க வழியில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தால் ஆபீஸ் வேலை நிச்சயம் என்று ஊரே பேசிய காலம் அது. நைனாவிடம் வேலை பழகக் கொண்டுபோய் விட்டேன்.

மூன்று மாதம் கழித்து எட்டிப் பார்த்தால், பிள்ளை பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னா நைனா, கம்ப்யூட்டர் கத்துக்க அனுப்ச்சா, தூசி தட்ட வுட்டுகினுகீற?"

"யக்கா, கொயம்பு வெக்கறதுக்கு மின்ன மீன ஆயணும்ல? இத்தினி நாளு ஆய்ஞ்சா. இனிமேதான் கொயம்பு."

அவர் கொதிக்கவைத்த குழம்பு இதுதான்: தினமும் காலையில் நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் அவரே ஒரு கோளாறு வைப்பார். பதினோரு மணி டீ வருவதற்குள் கலா கண்டுபிடிக்க வேண்டும். முடியாவிட்டால் அவள் டீயும் அவருக்கு. கண்டுபிடித்தால் அவர் டீ அவளுக்கு. முதல் வருடம் நைனா டீ குடித்தே வீங்கினார். இரண்டாம் வருடம் பச்சைத் தண்ணீர் குடித்தார்.

அப்போதுதான் ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். டிகிரி இல்லையென்றாலும் ஒரு நாள் வேலை செய்து காட்டட்டும் என்றார் மானேஜர். புடவைக்கு இஸ்திரி போடுவதற்கென்றே கலா முந்தின நாள் கடைக்கு லீவு போட்டாள்.

போய் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் மானேஜரின் கம்ப்யூட்டரே பீப் பீப் என்று கத்தியது. கிளம்பவில்லை. நேற்று மாலைதான் சர்வீஸ் முடிந்து வந்ததாம். நைனா கடையிலிருந்து!

கலா மூடியைக் கழற்றினாள். உள்ளே ரேம் என்று ஒரு பட்டை இருக்குமாம். அதன் அடியில் பஸ் டிக்கெட் ஒன்று மடித்துச் செருகியிருந்தது. அவள் வரமாட்டாள் என்பதையே மறந்து, பழக்கதோஷத்தில் நைனா முந்தின நாள் காலையில் வைத்த கோளாறு. எடுக்க ஆளில்லாமல் அப்படியே டெலிவரி ஆகிவிட்டது.

டிக்கெட்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, "தூசி சார், தட்டிட்டேன்" என்றாள். வேலை கிடைத்தது.

சாயங்காலம் கடைக்குப் போய் இருவருமாகச் சொன்னோம். நைனா முகம் சுண்டிப் போயிற்று.

"எனுக்கோசரம் நீ இன்னாத்துக்கு பொய் சொன்ன?" பிரஷ்ஷோடு போய் ராயபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடி ஏறினேன்.

"யோவ் நைனா, வாய மூடிகினு எறங்கு! பொண்ணு பொயப்புல மண்ணப் போடாத!"

"வெச்சவன் நானு யக்கா. நான்தான் சொல்லணும்."

வழியெல்லாம் திட்டினேன். கண்டக்டர் திரும்பி, "யம்மா, புருசன் பொஞ்சாதி சண்டய வூட்டாண்ட வெச்சுக்க" என்றான். அதற்கும் சேர்த்து நைனாவையே திட்டினேன்.

மானேஜர் முன்னால் கைகட்டி நின்று எல்லாவற்றையும் கொட்டினார். 

"இனிமே எங்க மிஷின் ஒண்ணுகூட உங்க கடைக்கு வராது" என்றார் மானேஜர். சற்று நிறுத்தி, "வரவும் வேண்டாம். அதான் அந்தப் பொண்ணு இருக்கே. நாளைக்கு ஒன்பது மணிக்கு வரச் சொல்லுங்க."

கடையின் பெரிய வாடிக்கையே போயிற்று. வெளியே வந்த நைனா லாட்டரி அடித்தவர் போலச் சிரித்தார். "பாத்தியா யக்கா, என் கடையவே சாச்சுட்டா! எப்டி ரெடி பண்ணிகீறேன் பாரு!"

நைனா போய்ச் சேர்ந்து சில வருடமாகிறது. கலா இன்று பெரிய கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிறாள். எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. சொல்லச் சொல்ல எழுதியது அவள் மகள்தான்.

கண்ணு, மொதல்லேந்து ஒரு தபா படி. நைனாவ எங்கியாச்சும் கொறச்சி சொல்ட்டனான்னு பாக்கணும்.